ஆக்டேவ் கம்பி பூட்டிய பேஸ் கிடார்: வீட்டிலும் மேடையிலும் உதவும் குறிப்புகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ திருவள்ளூர் காக்களூர் தொழிற்பேட்டையிலோ ஷிப்ட் முடித்துவிட்டு, ஞாயிறு ஆராதனைக்கும் ஆடி மாதக் கோயில் மேடைக்கும் ஆயுத பூஜைக் கச்சேரிக்கும் பேஸ் கிடாரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கான குறிப்புகள் இவை. சாதாரண பேஸில் நாலே கம்பி: ஈ, ஏ, டி, ஜி. எட்டுக் கம்பி பேஸில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே, ஒரு ஸ்தாயி (ஆக்டேவ்) மேலே பேசும் மெல்லிய கம்பி ஒன்று இருக்கும். பன்னிரண்டு கம்பியில் அப்படி இரண்டு இருக்கும். ஒரே விரலால் அழுத்தினால் அடியும் மேலும் சேர்ந்து ஒலிக்கும். தம்புராவில் நடு இரண்டு கம்பிகளுக்கும் கடைசி மந்தரக் கம்பிக்கும் இருப்பது இதே ஒரு ஸ்தாயி இடைவெளிதான். அந்த நிறைவைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த ஒலி உடனே பிடித்துப்போகும். வாசிக்கக் கற்றுக்கொள்வதைவிட, நம் பக்கத்து உப்புக் காற்றிலும் இரும்புத் தூளிலும் அதைக் கெடாமல் வைத்திருப்பதற்குத்தான் அதிகக் கவனம் வேண்டும்.

1. வாங்குமுன் உங்கள் குழுவில் இதற்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவின் சீப் ட்ரிக் குழுவில் டாம் பீட்டர்சன் 1970களின் பின்பாதியில் ஹேமர் கம்பெனியிடம் சொல்லிப் பன்னிரண்டு கம்பி பேஸ் செய்து வாங்கினார். குழுவில் கிடார் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இன்னொரு கிடாருக்கான இடத்தைப் பேஸே நிரப்ப வேண்டும் என்பது அவர் எண்ணம். கீபோர்டு, இரண்டு கிடார், ரிதம் பேட் என்று மேடை நிறைந்திருக்கும் மெல்லிசைக் குழுவில் இந்தப் பேஸ் மற்றவர்களின் ஒலியில் போய் முட்டும். ஒரு கிடார், ஒரு டிரம், பாடுகிறவர்கள் என்று இருக்கும் சின்னச் சர்ச் குழுவுக்கு இது வரப்பிரசாதம்.

2. குழாய் ஸ்பீக்கர் கட்டும் ஊர் மேடைகளில் வாசிக்கிறீர்களா? அப்படியானால் தயங்காமல் வாங்கலாம். சாதாரண பேஸின் திறந்த ஈ கம்பி நொடிக்கு 41 முறைதான் அதிர்கிறது. அந்த அடிநாதம் குழாய் ஸ்பீக்கரில் ஏறவே ஏறாது; மேடைக்கு முன்னால் நிற்பவர்களைத் தவிரத் தெருக்கோடியில் இருப்பவர்களுக்குப் பேஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. மெல்லிய கம்பியும் அதன் மேற்சுரங்களும் அந்தக் குழாய் வழியாக ஓரளவு வெளியே வந்துவிடும். கூழ் வார்க்கும் பந்தலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் பேஸின் நடை போய்ச் சேரும். மெல்லிய கம்பியை நான் இவ்வளவு தூக்கிப் பேசுவதற்கு இதுதான் காரணம். அது அலங்காரத்துக்குப் பூட்டியதல்ல, தடித்த கம்பி சொல்ல வந்ததை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அதுதான்.

3. முதல் கருவி எட்டுக் கம்பியாகவே இருக்கட்டும். நாலு கம்பி பேஸின் கழுத்தைக் கம்பிகள் இழுக்கும் விசை ஏறக்குறைய 80 கிலோ. எட்டுக் கம்பியில் அது 140 கிலோவை ஒட்டி வரும். பன்னிரண்டில், கம்பியின் தடிமனைப் பொறுத்து, 200 கிலோவையும் தாண்டலாம். பீட்டர்சனுக்கு ஹேமர்காரர்களே கழுத்து தாங்குமோ என்று பயந்து முதலில் பத்துக் கம்பி பேஸ் ஒன்றைச் செய்து பார்த்த பிறகுதான் பன்னிரண்டுக்குப் போனார்கள். 1967இல் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் குழுவின் ஒலிப்பதிவில் வந்ததும் எட்டுக் கம்பி ஹாக்ஸ்ட்ராம் பேஸ்தான். பன்னிரண்டு கம்பியின் முழு மணியோசையைக் கேட்க வேண்டுமானால் பேர்ல் ஜாம் குழுவின் 1991ஆம் ஆண்டுப் பாடலான ‘ஜெரமி’யில் ஜெஃப் அமென்ட் வாசித்திருப்பதைக் கேளுங்கள்.

4. சாதாரண நாலு கம்பி பேஸில் துளை போட்டு, கூடுதல் கீ பூட்டி எட்டாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காரணம் மேலே சொன்ன கிலோ கணக்குதான்.

5. கம்பி வாங்கும்போது ‘பாதித் தடிமன்’ என்பதை நினைவில் வையுங்கள். ஒரு ஸ்தாயி மேலே போனால் அதிர்வு இரண்டு மடங்கு; அதே நீளத்தில், அதே இழுவிசையில் அது வர வேண்டுமானால் கம்பியின் தடிமன் பாதியாக வேண்டும். ஜி கம்பி 45 என்றால் அதன் ஜோடிக்கு 22 அல்லது 20. ஈ கம்பி 105 என்றால் ஜோடிக்கு 50 சுமார். இவையெல்லாம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. கடைக்காரரிடம் இந்த எண்ணைச் சொன்னாலே புரியும். பாதியைவிடக் கொஞ்சம் மெல்லியதாகப் போட்டால் கழுத்துக்கு நல்லது. பாதிக்கு மேல் தடித்தது வேண்டாம்.

6. எலெக்ட்ரிக் கிடார் கம்பியை வாங்கி மெல்லிய கம்பியின் இடத்தில் பூட்டலாமா என்று பலரும் கேட்பார்கள். சுருதி சரியாகத்தான் வரும். பேஸின் ஈ கம்பிக்கு ஒரு ஸ்தாயி மேலே இருப்பது கிடாரின் தடித்த ஈ கம்பியேதான். பிரச்சினை நீளத்தில் இருக்கிறது. பெரும்பாலான பேஸ்களில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரைக்குமே 34 அங்குலம். அதற்கு மேல் கீ வரை போய் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றவும் கம்பி மிச்சம் வேண்டும். ஒரு நூலைப் பிரிட்ஜின் பின்பக்கத்திலிருந்து அந்தந்தக் கீ வரை பிடித்து அளந்து, ஒரு சாண் கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

7. சென்னை அண்ணா சாலையில் 1842இலிருந்து இருக்கும் மியூசி மியூசிக்கல் போன்ற பழைய கடைகளுக்குப் போவதாக இருந்தாலும் முதலில் போன் செய்து எட்டுக் கம்பி செட் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாலு கம்பி செட் போல இது எப்போதும் அலமாரியில் தொங்காது. கிடைக்கும்போது இரண்டு செட்டாக வாங்கி வைப்பது நல்லது.

8. கம்பி மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். ஒரு ஜோடியைக் கழற்றி, புதிது பூட்டி, சுருதி ஏற்றிய பிறகு அடுத்த ஜோடிக்குப் போங்கள். 140 கிலோ இழுவையில் பழகிய கழுத்தைத் திடீரென்று விடுவித்தால் அது பின்னுக்கு வளைந்து, மறுபடி நிலைக்கு வர நாள் எடுக்கும். இன்னொன்று: தடித்த கம்பியை வெட்டுவதற்கு முன், வெட்டப்போகும் இடத்துக்குச் சற்று முன்னால் கட்டிங் பிளேயரால் செங்குத்தாக மடக்கிவிடுங்கள். மடக்காமல் வெட்டினால் மேல்சுற்று உள்ளே அவிழ்ந்து, கம்பி ஊமையாகிவிடும்.

9. நட்டில் இருக்கும் பள்ளங்களில் மெல்லிய கம்பி சிக்கிக்கொண்டு, கீயைத் திருப்பினால் ‘டிக்’ என்று குதிக்கும். 2பி பென்சிலின் முனையை அந்தப் பள்ளத்தில் நாலு முறை தேயுங்கள். கம்பி வழுக்கிக்கொண்டு போகும்.

10. உங்கள் டூல் பெட்டியில் இருக்கும் ஃபீலர் கேஜ் இதற்கும் உதவும். ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கழுத்து உடலோடு சேரும் ஃப்ரெட்டிலும் ஒரே சமயத்தில் அழுத்திப் பிடியுங்கள். நடுவில், ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம், கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே 0.3 மி.மீ. தகடு உரசாமல் நுழைந்தால் சரி. இடைவெளி அதிகமானால் கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராடை இறுக்க வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் கூடாது. திருப்பிவிட்டு ஒருநாள் விட்டுப் பாருங்கள். ராடின் அங்குல அளவு நட்டில் மி.மீ. ஆலன் கீயைப் போட்டு முனையை மழுங்கடித்துவிட்டால் அப்புறம் பெரிய செலவு. இந்தக் கருவிகள் சிலவற்றில் ராடு இரண்டு இருக்கும். இரண்டையும் சமமாகத் திருப்ப வேண்டும்.

11. சுருதி சேர்க்கும் வரிசை முக்கியம். முதலில் நாலு தடித்த கம்பிகளையும் சேர்த்துவிட்டு, பிறகு மெல்லியவற்றுக்கு வாருங்கள். மெல்லியவற்றை ஏற்ற ஏற்றக் கழுத்து முன்னால் வளைந்து தடித்தவை இறங்கிவிடும்; ஆகவே இரண்டாவது சுற்றும் கட்டாயம் உண்டு. ஜோடி சேர்ப்பதற்கு ஒரு நல்ல வழி சொல்கிறேன். தடித்த கம்பியின் 12ஆவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே விரலை அழுத்தாமல் தொட்டுக்கொண்டு மீட்டினால் மணி போன்ற ஒரு நாதம் வரும். மெல்லிய கம்பியின் திறந்த நாதமும் அதே சுரம்தான். இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் ‘வொய்ங் வொய்ங்’ என்று அலையடிக்கும். கீயை மெதுவாகத் திருப்பத் திருப்ப அந்த அலை நீண்டு, நீண்டு, ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அங்கே கையை எடுத்துவிடுங்கள்.

12. ரோலிங் மில்லிலோ பிரஸ் ஷாப்பிலோ எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த காதை நம்பிச் சுருதி சேர்க்காதீர்கள். பெரும் இரைச்சலுக்குப் பிறகு காது சில மணி நேரம் மந்தமாகவே இருக்கும். உயர்ந்த ஒலிகள்தான் முதலில் மங்கும். அன்றைக்கு மட்டும் டியூனரைப் பார்த்துச் சேருங்கள். தலைப்பகுதியில் கவ்வும் சின்ன டியூனர்கள் திறந்த ஈ கம்பியில் தடுமாறும். 12ஆவது ஃப்ரெட் நாதத்தைக் காட்டினால் பிடித்துக்கொள்ளும். பக்கத்துக் கம்பியை இன்னொரு விரலால் அடக்கிக்கொள்ள மறக்காதீர்கள், இல்லாவிட்டால் டியூனர் எதைக் காட்டுவது என்று தெரியாமல் முள் ஆடும். கம்பெனியில் தரும் காதடைப்பான் ஒரு ஜோடியைக் கிடார் பைக்குள்ளும் போட்டு வையுங்கள். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபலை வரம்பாக வைத்திருக்கின்றன. மேடையில் டிரம்முக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு அதைத் தாண்டுவது சர்வ சாதாரணம். பகலெல்லாம் மில், இரவெல்லாம் மேடை என்றால் காது எத்தனை வருஷம் தாங்கும்?

13. சில பிரிட்ஜ்களில் தடித்ததும் மெல்லியதும் ஒரே சாடில் மேல் உட்காரும். தடித்ததற்குச் சாடில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும், மெல்லியதற்கு முன்னால். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் சரியாக வராது. அப்போது மெல்லிய கம்பியின் பக்கம் சாயுங்கள். சுருதிப் பிசகைக் காது மேல் ஸ்தாயியில்தான் முதலில் கண்டுபிடிக்கும்.

14. இரும்புத் தூள்தான் கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் இந்தக் கருவிக்கு முதல் எதிரி. உருக்கு உருட்டும் மில்களில் வேலை பார்ப்பவர்களின் சட்டை மடிப்பிலும், முழங்கை ரோமத்திலும், பேன்ட் பாக்கெட்டிலும் நைசான ஸ்கேல் தூள் ஒட்டியிருக்கும். பேஸின் பிக்அப் முழுக்கக் காந்தம். யூனிஃபார்மோடு உட்கார்ந்து வாசித்தால் தூள் போய்ச் சேர்கிற இடம் அதுதான். டார்ச் அடித்துப் பாருங்கள்: காந்தத் துருவங்களைச் சுற்றிக் கறுப்பாக, முள் முள்ளாக எழுந்து நிற்கும். நாளடைவில் அது உள்ளே இருக்கும் மயிரிழைக் கம்பிச்சுருள் வரை போய் ஒலியைக் கெடுக்கும். வாயால் ஊதினால் இன்னும் உள்ளே போகும். செல்லோ டேப்பை ஒட்டும் பக்கம் கீழே இருக்கும்படி பிக்அப் மேல் மெல்ல ஒற்றி ஒற்றி எடுங்கள். டேப் கறுப்பது நிற்கிற வரைக்கும் புதுத் துண்டு மாற்றிக்கொண்டே இருங்கள். கம்பி மாற்றும் நாள் இதற்கு வசதி. மற்ற நாள்களில் குளித்து, உடை மாற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு கிடாரைத் தொடுங்கள். ஃப்ரெட் அரம் போடும் வேலை எதுவானாலும் பிக்அப்பை முதலில் மாஸ்க்கிங் டேப்பால் மூடுங்கள்.

15. பழவேற்காடு, மீஞ்சூர், எண்ணூர் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். மெல்லிய வெற்றுக் கம்பிதான் முதலில் துருப்பிடிக்கும். வியர்வைக் கையோடு வாசித்துவிட்டு அப்படியே வைத்தால் சீக்கிரமே கம்பி சொரசொரப்பாகிவிடும். துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய பருத்தி வேட்டியில் ஒரு துண்டு கிழித்துக்கொள்ளுங்கள். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு ஜோடிக்கும் அடியில் அதை நுழைத்து நீளவாக்கில் துடையுங்கள். கேஸுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போடலாம். மழைக்காலம் முடியும் வரை அதை அவ்வப்போது காயவைத்துத் திரும்பப் போடுங்கள்.

16. மங்கிப்போன தடித்த கம்பிகளைத் தூக்கி எறியாதீர்கள். கழற்றி, வளையமாகச் சுருட்டி, கொதிக்கும் வெறும் தண்ணீரில் 10 நிமிஷம் போடுங்கள். சுற்றுகளுக்கு இடையே அடைத்திருக்கும் அழுக்கும் எண்ணெயும் வெளியேறி, தண்ணீர் பழுப்பாகும். எடுத்து நன்றாகத் துடைத்து, ஃபேனுக்குக் கீழே முழுசாகக் காயவிட்டுப் பூட்டினால் கொஞ்ச நாளைக்குப் புதிது போலப் பேசும். மெல்லிய கம்பிகளுக்கு இந்த வைத்தியம் வேண்டாம், துரு ஏறும்.

17. ஃப்ரெட் பலகையில் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் எதுவும் தடவக் கூடாது. நாள்பட்டால் சிக்குப் பிடித்து நாறும். ரோஸ்வுட் பலகை வறண்டிருந்தால் குழந்தைகளுக்குத் தடவும் மினரல் ஆயில் இரண்டு சொட்டைத் துணியில் விட்டுத் துடைத்து, உடனே உலர் துணியால் இன்னொரு தடவை துடையுங்கள். வார்னிஷ் பூசிய வெளிர்நிற மேப்பிள் பலகைக்கு அதுவும் தேவையில்லை.

18. பீரோ மேலே வைக்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் தகரக் கூரைக்கும் அடியில் அக்னி நட்சத்திர வெயிலில் அந்த இடம் அடுப்பு. தரையிலும் வைக்காதீர்கள், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் நம் திருவள்ளூர் மாவட்டத்தில் எத்தனை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது என்பது தெரியும். வெளிச்சுவர் ஓதமேறும்; அதனால் உட்சுவரில், இடுப்பு உயரத்துக்கு மேல் ஒரு கொக்கி அடித்துத் தொங்கவிடுவது உத்தமம். வாரக்கணக்கில் வாசிக்கப்போவதில்லை என்றால் எல்லாக் கம்பிகளையும் ஒரு முழுச் சுரம் சமமாக இறக்கி வையுங்கள்.

19. மின்சார விஷயத்தில் அலட்சியம் கூடாது. ஆம்ப்பின் மூன்று முனைப் பிளக்கில் எர்த் முனையை உடைத்துவிட்டுச் செருகுவது உயிரோடு விளையாடுவது. பந்தலில் ஜெனரேட்டர் வயரிங் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. பேஸ் வாசித்துக்கொண்டே கோரஸ் பாடுகிறவர்கள், உதட்டை மைக் பக்கம் கொண்டுபோகுமுன் மைக்கின் வலைத்தலையில் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். எரிந்தால் எலெக்ட்ரீஷியன் வந்து சரிசெய்யும் வரை கம்பியையும் தொடாதீர்கள். எர்த் சரியில்லை என்பதைக் காதாலும் கண்டுபிடிக்கலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் இரைச்சல் 50, 100, 200 என்று வரும். பேஸின் ஜி சுரங்கள் 49, 98, 196. கிட்டத்தட்ட ஒட்டி நிற்பதால் ஜி வாசிக்கும்போது மட்டும் ஒலி நடுங்கும். டியூனர் சரி என்று காட்டியும் ஜி மட்டும் அலையடிக்கிறதென்றால் கம்பியைக் குறை சொல்லாமல் எர்த்தைப் பாருங்கள்.

20. விரலால் வாசித்துப் பழகியவர்களும் இதற்குப் பிக் பிடித்துப் பாருங்கள். 1 மி.மீ. தடிமன் போதும். விரலால் மீட்டினால் ஜோடியில் ஒன்று மட்டும் பேசி மற்றது சும்மா இருந்துவிடும். மெல்லிய கம்பி விரல் நுனியை அறுக்கவும் செய்யும். ஜோடியில் எந்தக் கம்பி மேல்பக்கம் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். மேலிருந்து கீழாக அடிக்கும்போது அதுதான் முதலில் பேசும். மெல்லியது மேலே இருந்தால் ஒலி பளிச்சென்று தொடங்கும், தடித்தது மேலே இருந்தால் கனமாகத் தொடங்கும்.

21. இடது கையில் விரல் நுனியால் குத்தாமல் விரலின் சதைப் பகுதியால் அழுத்துங்கள். தடித்த கம்பி விரலைத் தாங்கிக்கொள்வதால் பக்கத்தில் இருக்கும் மெல்லியது சரியாக அழுந்தாமல் கரகரக்கும். கம்பியை இழுத்து வளைத்து வாசிப்பது, ஸ்லாப் அடிப்பது இரண்டும் இதற்குப் பொருந்தாது. வளைத்தால் ஜோடியில் இரண்டும் ஒரே அளவு ஏறாமல் சுருதி பிரிந்துவிடும்.

22. எதை வாசிப்பது? இளையராஜா பாடல்களில் பேஸ் தனியாக ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டு பாட்டுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அவர் குழுவில் சசிதரன் வாசித்த அந்த ஓட்டங்களைப் பன்னிரண்டு கம்பியில் வாசித்தால் ஒரு சுரம் அடங்குவதற்குள் அடுத்தது வந்து எல்லாம் குழம்பிவிடும். அவற்றுக்கு நாலு கம்பி பேஸையே எடுங்கள். ஆக்டேவ் பேஸ் நீண்டு நிற்கும் சுரங்களுக்கு ஏற்றது: ஆராதனைப் பாடலின் கோரஸ், பாட்டு தொடங்குமுன் வரும் தனி இசை, கிடார் ஓய்ந்திருக்கும் இடம். ஆதார சுரத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு நாலு நாலு மாத்திரையாக நடந்து பாருங்கள். கையிருப்பு அவ்வளவுதான் என்றாலும் மேடை நிறையும்.

23. ஆம்ப்பில் பேஸ் குமிழை வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறையுங்கள், ட்ரெபிளை ஏற்றாதீர்கள். மெல்லிய கம்பியிலேயே வேண்டிய பளபளப்பு இருக்கிறது.

24. கருவி வாங்க இப்போதைக்குப் பணம் இல்லையா? பேஸ் வாசிக்கும் அதே வரியை, கிடார் வாசிப்பவர் ஒரு ஸ்தாயி மேலே, உள்ளங்கையால் கம்பியை லேசாக அடக்கியபடி சேர்ந்து வாசிக்கட்டும். அமெரிக்காவின் நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடங்களில் 1950, 60களில் நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய பேஸோடு ஆறு கம்பி பேஸை இப்படிக் கம்பியை அடக்கித்தான் சேர்த்து வாசித்தார்கள். ஒரு ஸ்தாயி மேலே ஏற்றித் தரும் பெடல்களும் கிடைக்கின்றன. ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டும் வாசித்தால் அவை தடுமாறாது.

25. நைட் ஷிப்ட் முடிந்து பகலில் தூங்குகிறவர்கள் பக்கத்து வீட்டில் இருப்பார்கள். லைன் வீட்டில் இருந்தால் பிரிட்ஜுக்கு முன்னால், கம்பிகளுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகிக்கொண்டு ஆம்ப் இல்லாமலேயே பழகுங்கள். இடது கைக்கு அது போதும். வலது கைப் பயிற்சிக்கு மட்டும் ஹெட்போன்.

26. கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் காலை நெரிசலில் கொண்டுபோவதானால் கழுத்து மேலே இருக்கும்படி முதுகில் மாட்டாமல், முன்னால் நெஞ்சோடு அணைத்துப் பிடியுங்கள். எட்டுக் கீ பூட்டிய தலைப்பகுதி கனமானது. கதவில் ஒரு இடி பட்டால் விரிசல் அங்கேதான் விழும்.

27. கிடார் பையில் எப்போதும் இருக்க வேண்டியவை: ஜி, டி ஜோடிகளுக்கு மெல்லிய கம்பி இரண்டிரண்டு, கட்டிங் பிளேயர், பென்சில், டெஸ்டர், பருத்தித் துணி. மேடையில் மெல்லிய கம்பி அறுந்தால் அதன் மிச்சத்தை மற்றவற்றில் சிக்காதபடி உடனே கழற்றிவிட்டு, தடித்ததை மட்டும் வைத்துப் பாட்டை முடியுங்கள். கடைசியாக வாங்கிய செட்டின் உறையில் தடிமன் எண்கள் அச்சாகியிருக்கும் பகுதியை வெட்டிப் பையின் உள்மூடியில் ஒட்டிவையுங்கள். வீட்டிலிருந்து வேறு யாரையாவது கடைக்கு அனுப்பினாலும் அதைப் போட்டோ எடுத்துக் கொடுத்துவிடலாம்.